முதுமையில் மறதி: எது இயல்பு, எது நோய்? – கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 68 வயது. பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நன்கு பழகியவர் எதிரே வந்தாலும் பெயர் நினைவுக்கு வருவதில்லை. வீட்டுக்கு வந்தபின் தானாக வருகிறது. இது மறதிநோயின் தொடக்கமா டாக்டர்?

பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் அஞ்ச வேண்டியதில்லை. பெயர் பிற்பாடு தானாக வருகிறது என்றால், அது மூளையில் பத்திரமாக இருக்கிறது, எடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது என்று பொருள். ஒருவருடைய தொழில், ஊர், உறவு ஆகியவை ஒன்றையொன்று நினைவூட்டும். பெயருக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லாததால் வயது ஏற ஏற முதலில் நழுவுவது பெயர்தான். 1956-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உளவியலாளர் வார்னர் ஷாய் தொடங்கி, அதே மனிதர்களை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதித்துவந்த ஆய்வில், பெரும்பாலான மனத்திறன்கள் அறுபது வயதுவரை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்பதும், விரைந்து செயல்படும் திறன் மட்டும் அதற்கு முன்பே இறங்கத் தொடங்குகிறது என்பதும் தெரியவந்தன. சொல்வளமோ எல்லாவற்றையும்விட நெடுங்காலம் நிலைக்கிறது.

கவலைப்பட வேண்டிய மறதி வேறு வகையானது. பால்காரருக்குப் பணம் கொடுத்ததை அடியோடு மறந்து மீண்டும் கொடுப்பது, பல்லாண்டு நடந்த தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது, புளியைக் கரைத்துவைத்துவிட்டு ரசத்துக்கு அடுத்தது என்ன என்று தெரியாமல் திகைப்பது போன்றவை அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் மறதிகள். தம் மறதியைப் பற்றித் தாமே வருந்துபவரைக் காட்டிலும், தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல, வீட்டார் கவலையோடு அழைத்துவருபவரைப் பற்றியே மருத்துவர்கள் அதிகம் யோசிப்பார்கள். ஆயினும் ஒருமுறை வைட்டமின் பி12, தைராய்டு இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இவற்றின் குறைபாட்டாலும், கவனிக்கப்படாத மனச்சோர்வாலும் வரும் மறதி, தகுந்த சிகிச்சையில் பெரும்பாலும் மட்டுப்படும்.

கேள்வி: என் மாமியார் காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார், தம் கல்யாணத்துக்கு வந்தவர்களை வரிசையாகச் சொல்கிறார். இது எப்படி?

பதில்: புதிய நினைவைப் பதிக்கும் இடமும், பழைய நினைவுகள் தங்கும் இடமும் ஒன்றல்ல. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்புநோய்க்காக அறுவை செய்து, மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை அகற்றினார்கள். அதன்பின் 2008-இல் இறக்கும்வரை அவரால் புதிதாக ஒரு நிகழ்ச்சியைக்கூட நினைவில் நிறுத்த முடியவில்லை. ஆனால் சிறுவயது நினைவுகள் இருந்தன. மறதிநோய்களில் மிகப் பரவலான அல்சைமர் நோய் பெரும்பாலும் இந்தப் பகுதியிலும் இதை ஒட்டிய இடங்களிலும்தான் முதலில் கைவைக்கிறது. ஆகவே உங்கள் மாமியாரின் பழைய நினைவு கூர்மையாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் நோய் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். காலை உணவையே மறப்பது தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. போன வாரம்வரை வரவுசெலவுக் கணக்கைத் தாமே எழுதியவர். நான்கு நாட்களாக இரவில் உறங்காமல், இல்லாத ஆட்களோடு பேசுகிறார். பகலில் தூங்கி வழிகிறார். மூன்று வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார், காயம் ஏதுமில்லை. வயதானால் அப்படித்தான் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள்.

பதில்: இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் அம்மா, நாளை என்று தள்ள வேண்டாம். மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்வது. நான்கே நாளில் வருவதன்று. நாள் கணக்கில் தோன்றி, ஒருவேளை தெளிவும் மறுவேளை குழப்பமுமாக ஏறி இறங்கும் இந்த நிலைக்கு டெலிரியம் என்று பெயர். உடலில் வேறெங்கோ நடக்கும் கோளாற்றுக்கு மூளை காட்டும் அபாய அறிகுறி அது. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் நிமோனியாவும் காய்ச்சலே இல்லாமல்கூட வரலாம். இரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரைகள் சிலவற்றால் சோடியம் குறையலாம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடும் சில மாத்திரைகள், நினைவுக்கு இன்றியமையாத அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையைத் தடுத்தும் குழப்பத்தை உண்டாக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்துவது அந்த வழுக்கல். வயதானால் மூளை சற்றுச் சுருங்குகிறது. அதனால் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே உள்ள சிறிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. வெளிக்காயமே இல்லாத மெல்லிய அடியிலும் அவை கிழிந்து, இரத்தம் சிறுகச் சிறுகக் கசிந்து தேங்கி, வாரங்கள் கழித்து மூளையை அழுத்தத் தொடங்கலாம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். சி.டி. ஸ்கேனில் இது தெரிந்துவிடும்; மண்டையோட்டில் துளையிட்டு அந்த இரத்தத்தை வெளியேற்றினால் பலர் பழையபடி தேறிவிடுகிறார்கள். எனவே விழுந்த செய்தியை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள் அனைத்தையும், நாட்டுமருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருந்ததால் காலம் கடந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குக் காது மந்தம். கருவி வாங்கிக் கொடுத்தும் மாட்ட மறுக்கிறார். இதற்கும் நினைவாற்றலுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிடுகிறது. செவித்திறன் இழப்பு அவற்றுள் முக்கியமானது. அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 விழுக்காடு மறதிநோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் கணிப்பு. அரைகுறையாக விழும் சொல்லைப் புரிந்துகொள்ளவே மூளை பாடுபட்டால், அதை நினைவில் பதிக்க வலு மிஞ்சாது. பேச்சும் கூட்டமும் குறைந்து தனிமையும் சேர்கிறது. கருவி எல்லோருக்கும் ஒரே அளவில் உதவுவதில்லை. 2023-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பங்கேற்றோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. இதயநோய் ஆபத்துகள் மிகுந்த முதியவர்களிடம் மட்டும், மூன்றாண்டுகளில் அறிவாற்றல் தேய்வது 48 விழுக்காடு மந்தப்பட்டது. அப்பாவை வற்புறுத்தாமல், முதலில் அமைதியான அறையில் ஒரு மணி நேரம் மட்டும் மாட்டிப் பழக்குங்கள். கருவியைத் தந்தவரிடம் ஒலி அளவை மீண்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். பலர் கழற்றி வைப்பதற்குக் காரணமே இரைச்சல்தான்.

கேள்வி: வல்லாரை, ஜின்கோ, ஞாபகசக்தி மாத்திரை இவற்றில் எது நல்லது?

பதில்: வல்லாரைத் துவையல் நல்ல உணவு, விரும்பினால் சாப்பிடுங்கள். மறதிநோயைத் தடுக்கும் என்று நிறுவப்படவில்லை. ஜின்கோ என்ற மரத்தின் இலைச்சாற்றில் செய்த மருந்தை 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பயனில்லை என்று 2008-இலேயே அறிவித்துவிட்டார்கள். அந்தப் பணத்தை இரத்த அழுத்த மாத்திரைக்கும் நடப்பதற்கு நல்ல காலணிக்கும் செலவிடுங்கள்.

கேள்வி: பாட்டி பள்ளிக்கூடமே போகாதவர். கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரையவில்லை. உடனே மறதிநோய் என்று சொல்லிவிட்டார்கள். இது சரியா?

பதில்: அந்த ஒரு சோதனையை வைத்து அப்படிச் சொல்வது சரியன்று. பென்சிலே பிடிக்காதவரிடம் படம் கேட்பது அவருடைய கல்வியை அளப்பதாகுமே தவிர நினைவை அளப்பதாகாது. இதற்காகவே ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்குப் பொருந்தும் சோதனையை 1990-களில் உருவாக்கினார்கள். எழுத்தை நம்பாத சோதனை வேண்டும் என்று கேளுங்கள். பாட்டி முன்பு செய்த வேலைகளில் இன்று எது முடியவில்லை என்பதையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்: சில்லறை எண்ணுவதா, சீட்டுப்பணம் எப்போது கட்ட வேண்டும் என்பதா, பேரப்பிள்ளைகளின் முறை சொல்வதா? நோய் இருந்தால் அங்கேதான் தெரியும். பாட்டி இரண்டு மொழி பேசுபவரா என்பதையும் சொல்லுங்கள். ஹைதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, இருமொழி பேசுவோருக்கு நோய் சுமார் நான்கரை ஆண்டு தாமதமாகவே தலைகாட்டியது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது.

கேள்வி: அல்சைமர் உறுதியான என் தாயார், இறந்துபோன அப்பா எப்போது வருவார் என்று நாள்தோறும் கேட்கிறார். உண்மையைச் சொல்லலாமா?

பதில்: ஒவ்வொரு முறையும் சொன்னால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு, அழுகை தங்கும், காரணம் மறந்துபோகும். ஆகவே திருத்த முற்படாதீர்கள். “அப்பா நினைவு வந்துவிட்டதா அம்மா? அவருக்கு என்ன சமைத்துக் கொடுப்பாய்?” என்று பேச்சை அவரிடமே திருப்புங்கள். மாலை நேரத்தில் இந்தக் கேள்வி கூடினால் இருட்டுமுன் விளக்கைப் போடுங்கள். பசி, சிறுநீர் உபாதை, வலி ஏதும் உண்டா என்று பாருங்கள். நீங்கள் தனியாகப் பார்த்துக்கொள்பவரானால், உடன்பிறந்தவர்களிடம் வாரத்தில் ஒரு முழுநாளைக் கட்டாயமாகக் கேட்டு வாங்குங்கள். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567-இலும் வழிகாட்டுதல் பெறலாம்.