வீட்டுச் செடிகள்: வாங்கியவர்கள் கேட்கிறார்கள்

வீட்டுக்குள் செடி வளர்க்கும் ஆர்வம் பெருகப் பெருக, அவற்றை வாங்கி ஏமாந்தவர்களின் கடிதங்களும் பெருகி வருவதால், இந்த வாரம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: இதய வடிவ இலை ஒன்று மட்டும் நட்டிருந்த சிறு தொட்டியை வாங்கினேன். கொடியாகப் படரும் என்று விற்றவர் சொன்னார். இரண்டு ஆண்டுகளாகியும் அதே ஒற்றை இலைதான் நிற்கிறது. என் பராமரிப்பில் என்ன குறை?

பதில்: உங்கள் பராமரிப்பில் குறையே இல்லை. அது ஹோயா கெர்ரி என்னும் கொடியிலிருந்து பறித்து நட்ட இலை. இலைக்காம்பிலிருந்து வேர் வரும். ஆனால் புதிய தளிர் வர வேண்டுமானால் தண்டின் கணுவும் அதிலுள்ள மொட்டும் வேண்டும். கணு இல்லாத இலை, வேர் பிடித்துப் பல ஆண்டுகள் பச்சையாகவே இருக்குமே தவிர, கொடியாகாது. இது செடி விற்பவருக்குத் தெரியாத செய்தியன்று. படரும் என்று சொல்லி விற்றிருப்பதால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. அடுத்த முறை, தண்டும் அதில் குறைந்தது இரண்டு இலைகளும் உள்ள செடியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஜன்னலே இல்லாத குளியலறையில் எந்தச் செடி வளரும்?

பதில்: எதுவும் வளராது. செடிகளுக்கான விளக்கு ஒன்றை நாள்தோறும் பல மணி நேரம் எரிய விடுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: அடர்நீலப் பூக்களுடன் ஓர் ஆர்கிட் வாங்கினேன். அடுத்த பருவத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெள்ளை ஃபலனாப்சிஸ் ஆர்கிட்டின் பூந்தண்டில் சாயத்தை ஏற்றி, இதழ்கள் நீலமான பிறகு விற்பனைக்கு அனுப்புகிறார்கள். எனக்கும் இப்படி ஒன்றை அரிய வகை என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பூந்தண்டை விரலால் தடவியபோது, அடிப்பகுதியில் மெழுகு வைத்து அடைத்த சிறு துளை ஒன்று தட்டுப்பட்டது. அதைச் சுற்றித் தண்டின் பச்சையிலும் நீலம் கசிந்திருந்தது. வாங்கும் முன் இதைத் தேடிப் பாருங்கள். உங்கள் செடி நலமாகத்தான் இருக்கிறது. அதன் இயல்பான நிறமே வெள்ளை.

கேள்வி: படுக்கையறைக் காற்றைச் சுத்திகரிக்கும் ஐந்து செடிகள் கொண்ட தொகுப்பு ஒன்றை வாங்க எண்ணுகிறேன். நாசா பரிந்துரைத்தவை என்றும், இரவிலும் ஆக்சிஜன் தருபவை என்றும் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கிறது.

பதில்: இந்த அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் இவை உங்களைப் போல உண்மையான கவலையோடு வருபவர்களைக் குறிவைத்து அச்சிடப்படுகின்றன. 1989இல் வால்வர்ட்டன் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் நாசாவுக்காக ஓர் ஆய்வு செய்தது உண்மை. முழுவதும் அடைக்கப்பட்ட சிறு கூண்டுகளில் செடிகளை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சு ஆவிகளைச் செலுத்தி, அவை எவ்வளவு குறைகின்றன என்று அளந்தார்கள். வீடு அப்படி அடைக்கப்பட்ட கூண்டு அன்று. கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று போய்வந்துகொண்டே இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்களான கம்மிங்ஸ், வாரிங் ஆகிய இருவரும், அதுவரை வெளிவந்திருந்த இத்தகைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். ஒரு கட்டடத்தில் வழக்கமாக நடக்கும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பத்து சதுர மீட்டர் அறைக்குக் குறைந்தது நூறு செடிகள் என்றால், ஐந்து செடிகளால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இரவு ஆக்சிஜன் என்பதும் அதே வகைப் பேச்சுதான். ஸ்நேக் பிளான்ட் போன்ற சில செடிகள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமிக்கின்றன. ஆக்சிஜன் உண்டாவதற்கோ வெளிச்சம் வேண்டும். பாதி உண்மையை எடுத்து அட்டையில் போட்டுவிட்டார்கள். ஆஸ்துமா உள்ளவருக்காகச் செலவிட வைத்திருக்கும் பணத்தோடு முதலில் மருத்துவரிடம் போய், வீட்டில் எதை மாற்றலாம் என்று கேளுங்கள். ஈரம் காயாத தொட்டி மண்ணில் பூஞ்சை வளரும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகச் செடி வாங்குவதில் ஒரு பிழையும் இல்லை. மருந்தாக நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: பிளவுபட்ட பெரிய இலைகள் கொண்ட மான்ஸ்டெரா கொடியில் நீல இலை வகையின் விதைகளை இணையத்தில் மூன்று முறை, மூன்று விற்பனையாளர்களிடம் வாங்கினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. நம்பகமான விற்பனையாளர் யார்?

பதில்: இல்லாத செடிக்கு நம்பகமான விற்பனையாளர் இருக்க முடியாது. முதல் முறை ஏமாந்ததற்கு உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் முறையும் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். வெள்ளைத் திட்டுள்ள ஆல்போ வகை மான்ஸ்டெராவைக்கூட யாரும் விதையிலிருந்து எடுப்பதில்லை, பெரும்பாலும் கணுவோடு வெட்டிய தண்டிலிருந்தே எடுக்கிறார்கள். அதற்கும் விதை விற்பார்கள், வாங்காதீர்கள்.

கேள்வி: சிறு கள்ளிச்செடி ஒன்றை உச்சியில் பூவோடு வாங்கினேன். ஐந்து மாதமாகப் பூ வாடவில்லை, ஆனால் செடி சுருங்குகிறது. தண்ணீர் ஊற்றினால் மேலேயே தேங்குகிறது.

பதில்: பூவும் பொய், மேலே பரப்பியிருக்கும் கற்களும் பசையால் ஒட்டப்பட்டவை. காய்ந்த பூவைச் சூடான பசையால் கள்ளியின் தலையில் ஒட்டி விற்பது பரவலாக நடக்கிறது. கள்ளியின் உண்மையான பூ பெரும்பாலும் சில நாட்களுக்குள் வாடிவிடும். கூழாங்கல் ஒன்றை நகத்தால் நெம்பிப் பாருங்கள். பக்கத்துக் கற்களோடு சேர்ந்து பெயர்ந்தால் பசை இருக்கிறது என்று பொருள். அந்த அடுக்கை முழுவதும் எடுத்துவிட்டு, நீர் வடியும் மணற்பாங்கான கலவையில், அடியில் துளையுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். பூவைப் பிடுங்கினால் தோல் கிழிந்து அழுகும். தானாக உதிரும் வரை விட்டுவிடுங்கள். செடி பிழைக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: பூனை வளர்க்கிறோம். மான்ஸ்டெரா, லில்லி இரண்டும் ஆபத்தில்லாதவை என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் சொல்வது தவறு. மான்ஸ்டெரா, மணிபிளான்ட், டீஃபன்பாக்கியா ஆகியவற்றில் உள்ள கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பின் ஊசி போன்ற நுண்படிகங்கள் வாயில் குத்தி, எரிச்சலும் எச்சில் ஒழுகலும் உண்டாக்கும். லிலியம் வகை லில்லியோ பூனையின் சிறுநீரகத்தைப் பழுதாக்கிக் கொன்றுவிடும். அதன் மகரந்தத்தை நக்கினாலும் ஆபத்துதான். அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா ஆகியவை பூனைக்கு நஞ்சல்ல.

கேள்வி: வாங்கியவுடன் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்க்கும்போது, ஓரிரு அங்குலம் மட்டும் அகலமான தொட்டிக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: புதிதாக வாங்கிய ஒரு செடியிலிருந்து மாவுப்பூச்சி பரவி, வீட்டிலுள்ள எல்லாச் செடிகளும் பாழாகிவிட்டன. நர்சரிக்காரர் பொறுப்பேற்க வேண்டாமா?

பதில்: அந்த ஒரு செடிக்கு அவர் பொறுப்பு. இலையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதும், கொண்டுவந்த அன்றே மற்றவற்றோடு நெருக்கி வைத்ததும் உங்கள் செயல். புதிய செடியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருக்க வேண்டும் என்று எத்தனை முறைதான் எழுதுவது!

கேள்வி: இணையம் வழியே வாங்கிய ஃபிலோடென்ட்ரான் அழுகிய நிலையில் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்தபோது காணொளி எடுக்கவில்லை என்று சொல்லிப் பணம் தர மறுக்கிறார்கள்.

பதில்: உங்கள் நிலைக்கு வருந்துகிறேன். காணொளி வேண்டும் என்ற நிபந்தனையைப் பணம் கட்டும் முன் உங்களுக்குக் காட்டினார்களா என்று முதலில் பாருங்கள். பிறகு புகுத்திய நிபந்தனை என்றால் அதை எழுத்தில் மறுத்துக் கேளுங்கள். தண்டின் அடி குழைந்து துர்நாற்றம் வீசுவது ஒரே நாளில் உங்கள் வீட்டில் நடந்திருக்க முடியாது. அழுகிய தண்டு, வேர், பெட்டியின் மேலுள்ள முகவரிச் சீட்டு ஆகிய மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, பெற்ற தேதியைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். அதற்கும் மறுத்தால், விற்பனைத் தளத்திடமும், பணம் கட்டிய அட்டையை வழங்கிய வங்கியிடமும் முறையிடுங்கள். அதுவரை செடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.