அயனி (பலா இனத்துக் காட்டுமரம்) விதை போடுகிறவர்களுக்கு: குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்து கேள்வி பதில்

குலசேகரம்: ஐயா, போன ஆனியில் சேர்த்த அயனிக்கொட்டையை வெயிலில் உலர்த்தி டப்பாவில் வைத்திருந்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லையே?

பதில்: உலர்த்தியதால்தான் முளைக்கவில்லை. நெல், பயறு மாதிரி சேமித்து வைக்கிற விதை இல்லை இது. ஈரம் போனால் உயிர் போகும். பழம் விழுந்த அன்றே பொறுக்கி, சதையைக் கழுவி எடுங்கள். ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் சேரும். இரண்டு மூன்று நாளுக்குள் போட்டுவிட வேண்டும். நாற்றுப் பைக்கு மண்கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய சாணம் 1. விதை மறையும் அளவுக்கு மண் மூடினால் போதும். ஓலை நிழலில் இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும். பையில் ஓட்டை குறைந்தால் தண்ணீர் தேங்கி, தண்டு அடியில் அழுகிச் சாயும். இலை ஆழமாகப் பிளவுபட்டு வரும். வேறு கன்று என்று பிடுங்கிவிடாதீர்கள். முதிர்ந்த மரத்தில்தான் இலை பிளவில்லாமல் இருக்கும்.

திருவட்டார்: நேரே குழியில் போடலாமா?

பதில்: இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் போடுங்கள், அதுதான் சிறந்த வழி. ஆணிவேர் தடையில்லாமல் இறங்கும். குழிக்கு மூன்று விதை, மேலே எலி நுழையாத கம்பிவலை. நல்ல கன்று ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கிற கன்றின் வேரும் அசையும். பையில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த கன்றுக்கு வேர் சுருண்டிருக்கும். அது மரமானாலும் பெருங்காற்றுக்குத் தாங்காது.

மார்த்தாண்டம்: விதையைக் காயவைத்து ஐப்பசி மழைக்குப் போடலாமா?

பதில்: காயவைக்காதீர்கள். ஐப்பசிக்குக் கன்றாக நடுங்கள்.

கருங்கல்: அயனிக்கு ஏன் இவ்வளவு பாடு? மகோகனி கேட்பாரற்று வளருதே.

பேச்சிப்பாறை: அண்ணே, மகோகனியில ஒரு அணில் ஏறித் தின்ன என்ன இருக்கு?

கருங்கல்: அணில் தின்னா எனக்கு என்ன லாபம்?

பதில்: இருவருக்கும் சொல்கிறேன். மகோகனி அமெரிக்கக் கண்டத்து மரம். அதன் காய் காய்ந்து வெடித்து, இறகுள்ள விதை காற்றில் போகும். தின்ன சதை கிடையாது. அயனி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மரம். அணில், வௌவால், குரங்கு, இருவாச்சி எல்லாம் அதன் பழத்தைத் தின்னும். விதையைத் தாய்மரத்து நிழலை விட்டுத் தள்ளிக் கொண்டுபோவதும் இவைதான். லாபம் கேட்டீர்கள்: வள்ளத்துக்கும் (படகு) கதவு நிலைக்கும் தலைமுறைகளாக அறுத்த தடி அயனி. ரப்பர் விளையை (தோட்டத்தை) அழிக்கச் சொல்லவில்லை. ஓடைக்கரை, வழியோரம், கிணற்றடி என்று ரப்பர் வைக்காத இடத்தில் நாலு மரம் நில்லட்டும்.

கருங்கல்: நாலுன்னா வைக்கலாம்.

ராஜாக்கமங்கலம்: எங்கள் கடலோர மணலில் வருமா?

பதில்: அங்கே புன்னைதான் ஏற்றது; உப்புக்காற்றைத் தாங்கும். புன்னைக் கொட்டையின் மேலோட்டை மெல்லத் தட்டி உடைத்துப் பருப்பை மட்டும் போட்டால் சீக்கிரம் முளைக்கும். ஓட்டோடு போட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நாகர்கோவில்: வெளிநாட்டிலிருந்து ஓக் விதை கொண்டுவந்திருக்கிறார்கள், போடலாமா?

பதில்: வேண்டாம். பிரிட்டனில் 2,300 வகை உயிர்கள் ஓக்கைப் பயன்படுத்துவதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்த உயிர்கள் அங்கே இருக்கின்றன, நாகர்கோவிலில் இல்லை. அதன் விதையும் உலர்ந்தால் சாகும்.

தக்கலை: உலர்ந்த அயனிக்கொட்டையை ஊறவைத்தால் முளைக்குமா?

பதில்: முளைக்காது. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், உலர்த்தாதீர்கள்.

அருமனை: மரம் வெட்ட அனுமதி வேண்டுமா?

பதில்: வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

குலசேகரம்: நட்ட கன்றுக்கு முதல் கோடையில் தண்ணீர்?

பதில்: தை முதல் பங்குனி வரை வாரம் இருமுறை. தூரைச் சுற்றி ஒரு சாண் உயரம் சருகு போடுங்கள், தண்டில் மட்டும் படாமல். பட்டால் கரையான் ஏறும்.