நாற்பது புளியங்கொட்டை: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தவக்காலம்

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, இந்த வருடம் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கப் போகிறான். மகளுக்கு நான்கு. போன தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக் காலத்தில், மகன் தானாகவே, "நாற்பது நாளும் சாக்லேட் தொட மாட்டேன்" என்று சொன்னான். இரண்டாம் வாரமே வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள். கொடுத்ததை வாங்கித் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. அதோடு அவனுடைய தவக்காலம் முடிந்தது. மகளுக்குப் பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை, பார்க்கவே பயம். படுக்கப் போகும் நேரத்தில், "இயேசுவுக்கு ஏன் ஆணி அடிச்சாங்க?" என்று கேட்கிறாள். மாமியாரோ, "எங்க வீட்ல சின்னப் பசங்களும் ஒருசந்தி இருந்தோம், இப்ப எல்லாம் செல்லம்" என்கிறார். 2027-ல் பிப்ரவரி 10-ஆம் தேதியே தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்துவிடுகிறது. வீட்டில் என்னதான் செய்வது?

பதில்: முதலில் உங்கள் மாமியாரின், அதாவது பிள்ளைகளின் ஆயாவின், வழக்கை முடித்துவிடலாம், சகோதரி. அவர் சொல்வது பொய்யில்லை. 1966-ல் பாப்பரசர் ஆறாம் பவுல் தவ முயற்சி விதிகளைத் திருத்தினார். அதற்கு முன்னால் நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் தவக்காலம் என்றால் கஞ்சிதான். ஆயா தம் அம்மாவின் சமையலறையில் பார்த்தது அந்தக் காலம். இன்றைய சட்டம் வேறு. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252-ஆம் சட்டப்படி, சுத்தபோசனம் (இறைச்சியை விலக்குவது) 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 நிறைந்தவர்களுக்கு, அதுவும் 59 வயது நிறையும்வரை. ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டே இரண்டு: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. அந்த இரண்டையும் கூட்டினாலும் முழுச் சாப்பாட்டு அளவுக்கு வரக்கூடாது. நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் அம்மாக்கள் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். ஆக, உங்கள் இரண்டு பிள்ளைகளையும் எந்த விதியும் கட்டுப்படுத்தாது. அந்தக் காலத்தைப் பார்த்த ஆயாவுக்கு 59 தாண்டியிருக்கும், அவரையும் ஒருசந்தி கட்டுப்படுத்தாது. இதை அவரிடம் சொல்லும் பொறுப்பை உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள்.

ஆனால் அதே சட்டத்தின் அடுத்த வரியைப் பலர் படிப்பதில்லை. வயது வராத பிள்ளைகளுக்குத் தவத்தின் உண்மையான பொருள் புரியும்படி வளர்ப்பது பங்குக் குருவின் கடமை, பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. அதாவது கடமை உங்கள் மேல்தான், பிள்ளை மேல் இல்லை. முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவக்காலம் பிள்ளையிடம் தனியாக நடக்காது, வீட்டில் நடக்கும். பெரியவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ளாத வீட்டில் எட்டு வயதுப் பையன் மட்டும் சாக்லேட்டை விட்டால், அது அவனுக்கு நாற்பது நாள் தண்டனைதான். அவன் உடைந்து அழுததில் ஆச்சரியமே இல்லை. அவனுக்குத் துணையாக அந்த வீட்டில் எது குறைந்தது?

அவனிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தானாக எடுத்த ஒறுத்தல் முயற்சியில் தவறுவது பாவம் இல்லை. இந்த வருடம் முதல் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யப் போகிறவன் என்பதால் இது முக்கியம். "சாக்லேட் சாப்பிட்டேன் சாமி" என்று அழுதுகொண்டே வந்து நிற்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பிறந்தநாள் பையன் நீட்டியதை வாங்கிக்கொண்டது மரியாதை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அவ்வளவுதான். இன்னொன்று, திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை 46 நாள். அதில் ஆறு ஞாயிறு. அவற்றைக் கழித்தால்தான் நாற்பது வரும். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்லேட் கொடுத்தால் வைராக்கியம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். என் அனுபவம் நேர் எதிர். ஞாயிறு தெரிந்த பிள்ளைதான் திங்களைத் தாங்கும்.

இப்போது புளியங்கொட்டைக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் தவக்கால மாதங்கள்தான் புளி உடைக்கிற மாதங்களும். ஆயா திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுக்கும்போது பிள்ளைகளை நாற்பது கொட்டை எண்ணச் சொல்லுங்கள். பெரிதாக, பளபளப்பாக இருப்பதாகப் பார்த்து எடுப்பார்கள், சண்டையும் வரும். கழுவித் துடைத்து ஒரு டப்பாவில் போட்டு, பக்கத்தில் ஒரு வெறும் கிண்ணம் வையுங்கள். தினமும் மாலை செபம் முடிந்ததும் ஒரு கொட்டை டப்பாவிலிருந்து கிண்ணத்துக்குப் போகும். ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் தங்கை. ஞாயிறு கொட்டைக்கு விடுமுறை. நான்கு வயதுக்கு 'மார்ச் 28 ஈஸ்டர்' என்றால் ஒன்றும் புரியாது. டப்பா காலியாகிக்கொண்டே வருவது புரியும். கொட்டையை மூக்கில் போட்டுப் பார்க்கிற பிள்ளை என்றால் மட்டும் இந்த யோசனையை விட்டுவிட்டு, சுவரில் கோடு போட்டு அடியுங்கள்.

திருநீற்றுப் புதனையும் இப்படிக் கையில் கொடுக்கலாம். போன வருடம் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொண்டுவந்த ஓலைச் சிலுவை, சுரூபத்துக்குப் பின்னால் தூசி படிந்து செருகியிருக்கும். அதை மகனையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். பழைய ஓலைகளை எரித்துத்தான் சாம்பல் செய்கிறார்கள். அதனால் முந்தின ஞாயிறே பல பங்குக் கோயில்களில் வாங்கிக்கொள்வார்கள். பச்சையாக ஆட்டிக்கொண்டு வந்த ஓலை சருகாகி, சாம்பலாகி, தன் நெற்றிக்கே வருவதைப் பார்த்த பிள்ளைக்குப் பிரசங்கம் தேவைப்படாது.

அன்றைய நற்செய்தியில் (மத்தேயு 6) இயேசு சொல்வதும் நம் பிள்ளைகளுக்கென்றே சொன்னதுபோல் இருக்கும்: நோன்பு இருக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொண்டு போ. காலையில் பள்ளிக்குக் கிளப்பும்போது நீங்கள் தினமும் சொல்வதே அதுதானே. எண்ணெய் வைக்கும்போது இந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டும். மீன் சட்டப்படி சரி. ஆனால் ஆட்டுக்கறியைவிட விலை கொடுத்து வஞ்சிரம் வாங்கி வறுத்துவிட்டு, "இன்னைக்கு சுத்தபோசனம்" என்றால் பிள்ளை என்ன நினைக்கும்? பன்னீர் பட்டர் மசாலாவும் அதே ஜாதிதான். வெள்ளி என்றால் வீட்டில் எளிமையான ஒரே சாப்பாடு என்று வைத்துவிடுங்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், இல்லையென்றால் சோறும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பும். பெரியவர்களுக்கும் அதே தட்டு. களி கிண்டுவதை ஆயாவிடம் விட்டுவிட்டு, அவர் சின்ன வயதில் எப்படி இருந்தார்கள் என்பதை அப்போது பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லுங்கள். "செல்லம்" என்ற புகார் பாதி அங்கேயே கரைந்துவிடும். களி பிள்ளைகளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்றால் தயிர்ச்சோறு போடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். தண்ணீரில் மட்டும் கை வைக்கவே கூடாது. வேலூர் வெயில் மார்ச்சிலேயே தொடங்கிவிடும். தண்ணீர் குடித்தால் பெரியவர்களின் ஒருசந்தியே முறியாது.

முட்டையைப் பற்றியும் கேட்பார்கள். 1966 விதிப்படி இறைச்சிதான் விலக்கு. முட்டை, பால், நெய் விலக்கு இல்லை. பள்ளிச் சத்துணவில் வெள்ளிக்கிழமை முட்டை வைத்தால் பிள்ளை தாராளமாகச் சாப்பிடலாம். வீட்டில் உங்கள் குடும்ப வழக்கம் வேறாக இருந்தால் இருக்கட்டும், ஆனால் அதைப் 'பாவம்' என்ற சொல்லோடு சேர்க்காதீர்கள். மார்ச் 19, சூசையப்பர் பெருவிழா, 2027-ல் வெள்ளியிலேயே வருகிறது. பெருவிழா வெள்ளியில் வந்தால் அன்று சுத்தபோசனம் கட்டாயமில்லை. சமையலில் ஒரு பாயசம் சேர்க்க அன்று நல்ல சாக்கு.

நம் ஊரில் இன்னொரு விஷயம் உண்டு. இந்த வருடங்களில் ரமலானும் தவக்காலமும் ஒட்டியே வருகின்றன. 2027-ல் திருநீற்றுப் புதனை ஒட்டித்தான் ரமலான் பிறை. பக்கத்து வீட்டிலிருந்து தூக்கில் நோன்புக் கஞ்சி வரும், அதில் கொத்துக்கறி கிடக்கும், அன்று வெள்ளிக்கிழமையாகவும் இருக்கும். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் குடிக்கட்டும், அவர்களுக்கு விதி இல்லை. 14 தாண்டியவர்கள், "இன்னைக்கு எங்களுக்கு சுத்தபோசனம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். "அவங்க வீட்ல அண்ணன் தண்ணிகூடக் குடிக்காம இருக்கான், நாம ஏன் இல்ல?" என்று மகன் கேட்டால், நோன்புக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முறை உண்டு என்று சொன்னால் போதும். சி.எஸ்.ஐ. உறவினர்கள் 'லெந்து நாட்கள்' என்பதும் இதே காலத்தைத்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊரில் இரண்டு பெயரும் காதில் விழுந்து பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "நீ ஒவ்வொரு தடவை பொய் சொல்லும்போதும் இயேசுவுக்கு ஒரு ஆணி" என்பார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நான் எத்தனை ராத்திரி ஆணிகளை எண்ணிக்கொண்டு விழித்துக் கிடந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. இந்த வாக்கியத்தை யாரும் உங்கள் மகளிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "யூதர்கள் கொன்னுட்டாங்க" என்பதும் வேண்டாம். இயேசுவின் பாடுகளுக்கு யூத மக்கள் எல்லோரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொல்லிவிட்டது. இயேசுவும் மாதாவும் யூதர்கள்தாம்.

நான்கு வயதுக்கு நான்கு வாக்கியம் போதும். "இயேசு எல்லார்கிட்டயும் அன்பா இருந்தார். சில பேருக்கு அது பிடிக்கல. அவரைச் சிலுவையில கொன்னுட்டாங்க. மூணாம் நாள் உயிரோட எழுந்து வந்துட்டார்." மூன்றோடு நிறுத்திவிட்டு விளக்கை அணைத்துவிடாதீர்கள். நாலாவதைச் சொன்ன பிறகுதான் தூக்கம். சுரூபத்தைப் பார்க்கப் பயந்தால் வற்புறுத்த வேண்டாம். கொஞ்ச நாளைக்கு அவள் கண்ணுக்கு எட்டும் இடத்தில் நல்லாயன் படத்தை வையுங்கள். பாடுகளைப் பற்றிய சினிமாக்களை அலைபேசியில் காட்டவே காட்டாதீர்கள். சினிமா ரத்தம் பிள்ளைக்கு நிஜ ரத்தம்.

இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு நிலைகளாக நினைக்கும் சிலுவைப் பாதைக்குக் கோயிலுக்கு அழைத்துப் போங்கள், ஆனால் பதினான்கு நிலைக்கும் முழந்தாள் போட வைக்காதீர்கள். வீட்டில் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு நிலை எடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை, உதவி செய்தவர்கள் வரும் நிலைகள்: நாலாம் நிலையில் அம்மா வருகிறார், ஐந்தில் சீரேனே ஊர் சீமோன் சிலுவையைத் தாங்குகிறார், ஆறில் வெரோணிக்கா முகம் துடைக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை மகளிடம் ஈரத் துணியைக் கொடுத்து, வேலையிலிருந்து வியர்த்து வரும் அப்பாவின் முகத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். ஆறாம் நிலையை அதைவிட நன்றாக எனக்கு நடத்தத் தெரியாது. இதில் பயப்படவும் ஒன்றும் இல்லை.

பெரியவர்கள் விட வேண்டியது எது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிள்ளையின் கார்ட்டூனை நிறுத்திவிட்டு எட்டு மணி சீரியலை ஓட விடாதீர்கள். இரவு ஏழிலிருந்து எட்டுவரை எல்லாருடைய போனும், ஆயாவுடையதும்தான், ஒரு கூடைக்குள் போகட்டும். அந்த நேரத்தில் சாப்பாடு, செபமாலையில் பத்து மணிகள் மட்டும், புளியங்கொட்டை. முழுச் செபமாலை வேண்டாம், மூன்றாம் நாளே பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். மார்ச்சில் மகனுக்குப் பரீட்சை வரும். அந்த வாரங்களில் இதையும் பாதியாகக் குறையுங்கள்.

பெரிய வியாழன் சாயங்காலம், கோயிலுக்குக் கிளம்பும் முன், அப்பா ஒரு பேசினில் தண்ணீர் எடுத்துப் பிள்ளைகளின் காலைக் கழுவட்டும். விளையாடிவிட்டு வந்த செம்மண் கால்களாக இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும், கூசிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதட்டாதீர்கள். பெரிய வெள்ளி மதியச் சடங்கு நீளமானது. வாசல் பக்கம் உட்கார்ந்து, சிலுவை முத்தி செய்யும் நேரத்துக்கு மகளை முன்னால் தூக்கிப் போங்கள். விருப்பமிருந்தால் தொடட்டும், இல்லையென்றால் நீங்கள் தொடுவதைப் பார்க்கட்டும். சனி இரவுத் திருவிழிப்பில் புதுத் தீ மூட்டுவதையும் பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரியை ஏற்றுவதையும் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் மடியில் தூங்கலாம்.

ஒன்றை விட்டுவிட்டேன், பிடியரிசி. தினமும் உலை வைக்கும்போது பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி அரிசியை, அவர்களுடைய சின்னக் கையால், ஒரு தனி டப்பாவில் போடட்டும். வண்டு விழாமல் இரண்டு காய்ந்த மிளகாயையும் போட்டு வையுங்கள். பங்கில் கொடுக்கும் தவக்கால உண்டியலில் காசு போடுவது நல்லதுதான், ஆனால் அந்தக் காசு உங்களுடையது. அரிசிப் பிடி அவர்களுடையது. சேர்ந்ததை ஈஸ்டர் கழித்துக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். குருத்து ஞாயிறன்றே ஏழைகளுக்கு உதவும் உங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்காரரிடம் மகனே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கட்டும். அவர்கள் அதை ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வாரம் வேண்டும்.