கிளட்ச் போன செகண்ட் ஹேண்ட் காரை வாங்கலாமா?

கேள்வி: 2013 மாடல் வேகன்ஆர் பெட்ரோல், இரண்டாவது ஓனர், மீட்டரில் 78,000 கி.மீ. 2.60 லட்சம் கேட்கிறார்கள். கிளட்ச் போட்டால் போதும், வேறு செலவே இல்லை என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். கிளட்ச் தேய்வது டயர், பிரேக் பேட் தேய்வது மாதிரிதான். மாற்றினால் தீர்ந்தது. அதற்காக நல்ல வண்டியை விட வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கிளட்ச் போன வண்டியை உங்களால் முழுதாக ஓட்டிப் பார்க்க முடியாது. பிக்கப் இல்லை என்றால் கிளட்ச் வழுக்குவதாலா, எஞ்சின் தளர்ந்துவிட்டதாலா? ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் கிளட்ச் சரியாக விடுபடாததாலா, கியர்பாக்ஸுக்கு உள்ளேயே கோளாறா? எதைக் கேட்டாலும் "அது கிளட்ச் போட்டா சரியாயிடும் சார்" என்று ஒரே பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். கிளட்ச் போட்டு முடிக்கும்வரை உங்களுக்குத் தெரியாது. ஆகவே விலையில் கிளட்ச் செலவை மட்டும் கழித்தால் போதாது, அந்தத் தெரியாத்தனத்துக்கும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.

நான் சேலத்தில் வாங்கிய 2011 வேகன்ஆரும் கிட்டத்தட்ட இதே நிலைமையில்தான் இருந்தது. உங்கள் வண்டியில் உள்ள அதே 998 சிசி கே10பி எஞ்சின். "கிளட்ச் கொஞ்சம் டைட்டா இருக்கு, ஆறு மாசம் தாராளமா ஓடும்" என்றார் புரோக்கர். நாமக்கல்லில் எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. முன்பக்கம் இடது சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் கிடந்த விரிப்பைத் தூக்கி டார்ச் அடித்தார்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"டிரைவிங் ஸ்கூல் வண்டியான்னு பாக்கறேன் தம்பி. அவங்க அந்தப் பக்கமும் பெடல் வெச்சிருப்பாங்க. கழட்டி வித்தாலும் ஓட்டை இருக்கும், இல்லன்னா அடைச்ச தடம் இருக்கும்."

இதை நீங்களும் முதலில் பாருங்கள். ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் நாள் முழுக்க ஹாஃப் கிளட்சிலேயே ஓட்டுகிற வண்டி அது. கிளட்ச் மட்டுமல்ல, கியர்பாக்ஸும் எஞ்சின் மவுண்டிங்கும் சேர்ந்து அடி வாங்கியிருக்கும். மீட்டர் குறைவாகக் காட்டினாலும் வேண்டாம்.

78,000 கி.மீ.யில் கிளட்ச் தேய்வது இயல்புதான். ஓட்டுகிற காலைப் பொறுத்து முப்பதாயிரத்திலும் போகும், லட்சத்தைத் தாண்டியும் நிற்கும். ஆனால் பெடல் ரப்பர் வழவழப்பாகி, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட் அமுங்கிப் போயிருந்தால் அந்த 78,000 மேல் சந்தேகப்படுங்கள். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள்.

அடுத்து, கோளாறு கிளட்சில்தானா என்று பார்க்க வேண்டும். சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி கிளட்சை விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. இதை ஒருமுறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருப்பதையும் நீங்களே எரித்துவிடுவீர்கள். எங்கள் அண்ணன் அதோடு விடாமல் ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் அடிவாரம் பக்கம் ஓட்டிப் போனார். ஏற்றத்தில் நான்காவது கியரில் மிதித்தால் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியானாலும் இதற்குக் காதே போதும். கூடவே ஒரு கருகல் வாடை வந்தது. புரோக்கர் ஜன்னலை இறக்கிவிட்டார்!

சத்தத்தையும் பிரித்துக் கேளுங்கள். நியூட்ரலில் வண்டியை ஸ்டார்ட்டில் விட்டு, பெடலை மிதிக்கும்போது உறுமல் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. அது கிளட்ச் செட்டோடு வருவதுதான், கவலை இல்லை. பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் அடங்கினால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். அது கிளட்ச் செலவில் அடங்காது. அந்தச் சத்தம் கேட்டால் பேரத்தையே நிறுத்திவிடுவேன்.

இன்னொன்று கேபிள். இந்த வண்டியில் கிளட்சை இழுப்பது கேபிள்தான். பிளேட் தேயத் தேய பெடலில் இருக்கும் தளர்வு குறைந்துகொண்டே வரும். அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டால் நல்ல கிளட்சே அரைகுறையாகப் பிடித்து வழுக்கும். சில வண்டிகளில் நட்டை நாலு சுற்றுச் சுற்றினாலே சரியாகிவிடும், விற்பவருக்கே அது தெரிந்திருக்காது. இதன் மறுபக்கமும் உண்டு. வழுக்குவதை மறைக்க விற்பதற்கு முன் கேபிளை அளவுக்கு மீறித் தளர்த்தி வைப்பார்கள். அப்போது வழுக்கல் குறையும், ஆனால் பெடல் தரை வரை போயும் கிளட்ச் முழுதாக விடுபடாது, ரிவர்ஸ் கியர் முரண்டு பிடிக்கும்.

"நாங்களே கிளட்ச் போட்டுத் தந்துடறோம், கேட்ட விலையைக் குடுங்க" என்று சொல்லுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்கப் போகிற வண்டிக்கு யாரும் முழு செட் போடமாட்டார்கள். ஏதோ ஒரு பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பழைய பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் அப்படியே மாட்டிவிடுவார்கள். கொஞ்ச நாளில் மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும். கிளட்ச் வேலையில் பாடே அந்த இறக்கி ஏற்றுவதுதான். பணத்தைக் குறைக்கச் சொல்லி, வேலையை உங்கள் மெக்கானிக்கிடம் செய்துகொள்ளுங்கள்.

பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் வண்டியின் சரித்திரமே தெரியும். சீராகத் தேய்ந்திருந்தால் சாதாரண தேய்மானம். ரிவெட் வரை தேய்ந்திருந்தால், பிளேட் உரசிப் பிடிக்கும் எஞ்சின் பக்கச் சக்கரமான ஃபிளைவீலில் கோடு விழுந்திருக்கும், லேத்தில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். ஃபிளைவீலில் நீலத் திட்டும் மயிரிழை விரிசலும் இருந்தால் சமப்படுத்திப் பயனில்லை, மாற்றுவதுதான் நல்லது. பிளேட் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் எஞ்சின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிகிறது. அதை மாற்றாமல் புது செட் போட்டால் அதுவும் வழுக்கும். என் வண்டியில் அந்தப் பிசுக்குத்தான் இருந்தது. சீலின் விலை சில நூறுதான். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே மாற்றினால் தனி லேபர் இல்லை. ஆக்சில் சீல்களையும் கியர் ஆயிலையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு: எனக்கு பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், சீல்கள், கியர் ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து வெளி ஒர்க்‌ஷாப்பில் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. இப்போது கொஞ்சம் கூடியிருக்கும். கம்பெனி சர்வீஸில் இதைவிட அதிகம். சென்னைக்காரர் என்றால் ஜி.பி. ரோட்டில் புது செட் வாங்கிக் கொடுங்கள். புதுப்பேட்டைக்குக் கதவும் கண்ணாடியும் வாங்கப் போகலாம், கிளட்ச் வாங்கப் போகாதீர்கள்.

இந்தக் கணக்கு சின்ன பெட்ரோல் வண்டிக்குத்தான். இதைப் படிக்கும் யாராவது பழைய ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் டீசலைக் கிளட்ச் போனதென்று மலிவாகப் பார்த்துக்கொண்டிருந்தால், டூயல் மாஸ் ஃபிளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃபிளைவீல்) இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தால் செலவு அரை லட்சத்தைத் தொடும்.

பேப்பர் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் வண்டி விவரம், லோன் பதிவு இருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓனர் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள், இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். 2013 வண்டிக்கு ஆர்சி 15 ஆண்டு என்றால் 2028இல் முடிகிறது. அப்போது எஃப்சி காட்டிப் புதுப்பிக்கிற செலவும் உங்கள் தலையில்தான். பேரத்தில் இதையும் எடுத்துப் போடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2.30இல் ஆரம்பிப்பேன். கிளட்சுக்குப் பன்னிரண்டாயிரம், பார்க்க முடியாமல் போன கியர்பாக்ஸுக்கு ஒரு எட்டாயிரம் என்று கணக்குச் சொல்லி 2.40க்கு மேல் போகமாட்டேன். இறங்கி வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வேகன்ஆருக்கு ஊரில் பஞ்சமில்லை. வாங்கினால் வழுக்குகிற கிளட்சோடு ஹைவேயில் ஓட்டி வராதீர்கள். அதே ஊரில் கிளட்சைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள்.