சாட்டில் அரட்டை, நேரில் மௌனம்: பயிற்சி மையத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: இரண்டாம் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கும் என் மகன் டிஸ்கார்டு என்ற சாட் ஆப்பில் முன்பின் தெரியாதவர்களோடு நள்ளிரவு வரை டைப் செய்து பேசுகிறான். நேரில் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூடத் தயங்குகிறான். வைவா (வாய்மொழித் தேர்வு) என்றால் முந்தின நாளே வாந்தி. ஒரு பயிற்சி மையத்தில், ‘3 நாளில் கூச்சத்தைப் போக்குகிறோம்’ என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? – வாசகி, நாமக்கல்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. முதல் நாளே நூறு பேர் முன்னால் மேடையேற்றிக் கத்தச் சொல்வார்கள், கைதட்டுவார்கள், வீடியோ எடுப்பார்கள். அந்த வேகம் ஒரு வாரம்கூட நிற்காது. அப்புறம் ‘அட்வான்ஸ்டு லெவல்’ என்று இன்னொரு ரசீது நீட்டுவார்கள். சில கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் பிரிவே ஆள் பிடித்துக் கொடுக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

உங்கள் மகன் நடிக்கவில்லை. டைப் செய்யும்போது யோசிக்க நேரம் இருக்கிறது, எழுதியதை அழிக்கலாம், எதிரே முகம் இல்லை. நேரிலோ குரல் நடுங்குவதும் கை வியர்ப்பதும் எல்லோருக்கும் தெரிகிறது என்றே நினைப்பு ஓடும். இணையத்தில் மனிதர்கள் கட்டவிழ்ந்து பேசுவதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004-லேயே விரிவாக எழுதிவிட்டார். அவனிடம் பேச்சுக்குப் பஞ்சமில்லை என்பதற்கு அந்த சாட்டே சாட்சி. அதனால் போனைப் பிடுங்காதீர்கள்.

ஆனால் நேரில் பேசாமல் நழுவும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறதே, அதுதான் பயத்தை வளர்க்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸப்பில் ஃபைலை அனுப்பிவிட்டு, வாய் திறக்காமல் பிரின்ட்டை வாங்கி வரும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். ஹோட்டலில் சர்வர் அவனைப் பார்த்துக் கேட்கும்போது, ‘அவனுக்கு ஒரு மசால் தோசை’ என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்வதும் இதே கணக்குதான். அதை இன்றோடு நிறுத்துங்கள்.

டைப் செய்பவனை முதலில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து அதே நண்பர்களோடு குரலில் பேச்சு, பிறகு கேஸ் ஏஜென்சிக்கு ஒரு போன், அப்புறம் கடை. ஒவ்வொன்றையும் படபடப்பு தானாகத் தணியும்வரை பல நாள் செய்ய வேண்டும். வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போவதும், பேசும்போது போனையே பார்ப்பதும் கூடாது.

திக்குவாய் இருந்தால் மட்டும் கதை வேறு. அதைப் பலர் கூச்சம் என்றே நினைத்துவிடுகிறார்கள். டைப் செய்தால் சொல் சிக்காது, அதனால் அந்தப் பிள்ளையும் சாட்டையே நாடும். கவனித்துப் பாருங்கள்: தன் பெயரைச் சொல்லும்போதே முதல் எழுத்தில் நிற்கிறானா? ‘பழனி’ வராமல் ‘அந்த முருகன் கோயில் ஊர்’ என்று சுற்றிப் போகிறானா? வீட்டில் உங்களிடமும் அப்படியா? ஆம் என்றால் அவன் பார்க்க வேண்டியது ஸ்பீச் தெரபிஸ்ட் எனப்படும் பேச்சு சிகிச்சையாளரை. அரசு மருத்துவக் கல்லூரி காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். மைசூரில் பேச்சு, செவித்திறன் குறைபாடுகளுக்கென்றே மத்திய அரசு நிறுவனம் 1965-லிருந்து இருக்கிறது. அவன் திணறும்போது நீங்கள் சொல்லை முடித்துவைக்காதீர்கள்.

திக்கல் இல்லை, ஆனால் வாந்தியும் வைவா பயமும் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்கிறது என்றால் மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் உட்காராதீர்கள். 100 மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லியாயிற்று. ஆனால் அவரைப் பார்க்கத் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி வா என்றால், பேசவே பயப்படும் பிள்ளை எப்படிப் போவான்? அரசின் மனநல உதவி எண்ணான 14416 (டெலி-மானஸ்) இலவசம், தமிழிலும் பேசலாம். முதல் அழைப்பை நீங்களே செய்து விவரம் கேளுங்கள், அடுத்ததை அவன் செய்யட்டும்.