கணவரின் பரிசோதனை எங்கே?

கேள்வி: எனக்கு வயது 34. திருமணமாகி மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாகிவிட்டது, எதிலும் குறையில்லை. கணவரைக் கூப்பிட்டால், "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று தட்டிக்கழிக்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் என்னை மட்டும் விரதம் இருக்கச் சொல்கிறார். நேராக ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) செய்துகொள்ளலாமா?
- வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: இப்போது வேண்டாம். ஐவிஎஃப்புக்கும் அவருடைய விந்தணு வேண்டுமே! அவரை விட்டுவிட்டு எந்தச் சிகிச்சையும் தொடங்க முடியாது. குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கும்.

இருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். பெண்கள் தடித்த ஃபைலோடு வருவார்கள். கணவர் பெயரில் அதில் ஒரு தாள்கூட இருக்காது. எனக்கு மனசு கேட்காது. வலிக்கும் கருக்குழாய் எக்ஸ்ரேயை நீங்கள் தாங்கிவிட்டீர்கள். அவர் தரவேண்டியது ஒரு சின்னக் குப்பியில் விந்து, அவ்வளவுதான்.

அவர் பயப்படுவது வேறு எதற்கோ. ஒருமுறை ஒருவர் அறிக்கை உறையைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு, "அம்மாவிடம் சொல்லிடாதீங்க டாக்டர்" என்றார். விந்தணு எண்ணிக்கைக்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை என்பதை அவருக்குப் புரியவைக்கவே அரைமணி நேரம் ஆனது. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம்.

பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் உறவு வேண்டாம். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். டாக்சி ஏர்கான் குளிர் படாமல் குப்பியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் விந்தணு எண்ணிக்கையின் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. அதற்குக் குறைந்தாலே குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. விந்தணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இரண்டு மாதம் முன்பு டெங்கி போலக் கடும் காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை இறங்கும். அதனால் குறைந்தால் மறுபடி பார்ப்போம்.

ஜிம்முக்குப் போகிறாரா? தசை ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறாரா என்று கேளுங்கள். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். பலருக்கு இது தெரியாது.

எண்ணிக்கை மிகக் குறைவென்றாலும் வழி உண்டு. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் கருத்தரிப்பு உண்டானதாக 1992-இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அறிவித்தார்கள். சாதாரண ஐவிஎஃப் போதுமா, இக்ஸி வேண்டுமா என்று முடிவுசெய்யவும் அவருடைய அறிக்கைதான் வேண்டும். செலவைப் பொறுத்தவரை, இருவரும் குடிமக்களாக இருந்து மனைவிக்கு 40 வயது ஆகாதிருந்தால், கேகே, என்யூஎச், எஸ்ஜிஎச் ஆகிய அரசாங்க மருத்துவமனைகளில் 75 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது, உச்சவரம்போடு. மெடிசேவ் மருத்துவச் சேமிப்பையும் பயன்படுத்தலாம்.

அவரிடம் "உங்களுக்குக் குறை இருக்கான்னு பார்க்கணும்" என்று ஆரம்பிக்காதீர்கள். "டாக்டர் ரெண்டு பேரையும் வரச் சொன்னார்" என்று என்மேல் போடுங்கள், பரவாயில்லை. விரதம் உங்கள் விருப்பம். ஆனால் 34 வயதில் இன்னொரு வருடத்தைக் காத்திருந்து கழிக்காதீர்கள். இந்த மாதமே இருவர் பெயரிலும் சந்திப்பு நேரம் வாங்குங்கள்.