சிரியஸின் துணையை எடைபோட்டது எப்படி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிரியஸ் விண்மீனுக்கு ஏறத்தாழப் பூமியளவே ஆன துணை ஒன்று உண்டென்றும், அதன் நிறை சூரியனுக்கு நிகரானது என்றும் எழுதியிருந்தீர்கள். எவரும் அருகே சென்று அளக்க முடியாத ஒன்றின் எடையை இவ்வளவு உறுதியாகச் சொல்வது ஊகம்தானே?

ர.

அன்புள்ள ர.,

ஊகம் அல்ல. ஒரு விண்மீனின் ஈர்ப்பு இன்னொரு பொருளை எப்படி இழுக்கிறது என்று பார்த்தால்தான் அதன் நிறையை நேரடியாக அறிய முடியும். அதனால்தான் இரட்டை விண்மீன்கள் வானியலுக்கு இத்தனை முக்கியமானவை.

சிரியஸைப் பொறுத்தவரை அந்த இழுப்புதான் முதலில் தெரியவந்தது. சிரியஸ் வானில் நேர்கோட்டில் நகராமல் நெளிந்து செல்வதைக் கவனித்த ஜெர்மானிய வானியலாளர் பெசல், கண்ணுக்குப் புலப்படாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்று 1844-இல் அறிவித்தார். 1862 ஜனவரி 31 அன்று அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க், புதிதாகச் செய்த 18.5 அங்குலத் தொலைநோக்கி வில்லையைச் சோதித்தபோது, சிரியஸின் ஒளிவெள்ளத்துக்குப் பக்கத்தில் மங்கலான அந்தப் புள்ளியைக் கண்டார். அதைக் காணப் பெசல் உயிரோடு இல்லை.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 50.1 ஆண்டுகள் ஆகின்றன. தொலைவு 8.6 ஒளியாண்டு என்பது தெரிந்திருப்பதால், அந்த நீள்வட்டப் பாதையின் நெட்டச்சில் பாதி 19.8 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்) என்று கிடைக்கிறது. சுற்றும் காலத்தையும் தூரத்தையும் நிறையோடு இணைக்கும் கெப்ளர் விதிப்படி 19.8-இன் கனத்தை 50.1-இன் வர்க்கத்தால் வகுத்தால் வருவது சுமார் 3.1, அதாவது இரண்டும் சேர்ந்து மூன்று சூரியன்களுக்குச் சற்று மேல். பொது ஈர்ப்பு மையத்திலிருந்து துணை விலகும் தூரம் சிரியஸ் விலகும் தூரத்தைப் போல் இரு மடங்கு என்பதால், சிரியஸின் பங்கு 2.06, துணையின் பங்கு 1.02. இதில் ஊகத்துக்கு எங்கே இடம்?

உண்மையான வியப்பு அதன் அளவில் இருக்கிறது. 1915-இல் அமெரிக்க வானியலாளர் வால்டர் ஆடம்ஸ் துணையின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்து, பதிவுசெய்தபோது அது குளிர்ந்த செந்நிற விண்மீன் அல்ல, வெண்மையாகத் தகிப்பது என்று தெரிந்தது. இன்றைய அளவீட்டில் அதன் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 25,000 கெல்வின், சிரியஸுக்கோ 9,900 தான். அவ்வளவு சூடாக இருந்தும் கட்புலனாகும் ஒளியில் சிரியஸின் பத்தாயிரத்தில் ஒரு பங்கே என்றால், ஒளிவிடும் பரப்பு மிகச் சிறியதாக இருந்தாக வேண்டும். அதன் ஆரம் சுமார் 5,850 கிலோமீட்டர், பூமியைவிடவும் குறைவு. ஒரு சூரியனை அதற்குள் அடைத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல் வருகிறது. அப்படி நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்களின் அழுத்தமே அதை மேலும் சுருங்காமல் தாங்கி நிற்கிறது. அந்த அழுத்தத்துக்கும் எல்லை உண்டு என்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே கணக்கிடத் தொடங்கினார். அந்த எல்லை சுமார் 1.4 சூரிய நிறை. சிரியஸின் துணை அதற்குள் அடங்குகிறது.

நேரில் பார்க்க விரும்பினால் இதுவே தக்க காலம். 1994-இல் மிக நெருங்கியிருந்த இரண்டும் இப்போது வானில் நன்றாக விலகித் தெரிகின்றன. காற்று சலனமற்ற இரவில் பத்து அங்குலத் தொலைநோக்கியில் முயன்று பார்க்கலாம். 2044-இல் அவை மீண்டும் நெருங்கிவிடும்.